டீசலுக்கு வந்த வாழ்வு

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாளில் உழைத்தவன் நான். எரிபொருள் விலையேற்றச் செய்தியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. "நள்ளிரவு முதல் அமுலுக்கு வரும் வகையில்..." என்ற தொடக்கத்தை ஈய எழுத்துக் கோத்த காலத்திலும் எழுதினேன், கணினி வந்த பிறகும் எழுதினேன். அமைச்சர்கள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின, தொகைகள் மாறின. மாறாதது ஒன்றுதான்: பெற்றோல் மேலே, டீசல் அதற்குக் கீழே, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் கீழே. அந்த வரிசை 2022 ஒக்டோபரில் தலைகீழாயிற்று.

அந்த மாதத்தின் மூன்றாம் வாரம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து பஸ் நிலையம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வழியில் இருந்த எரிபொருள் நிரப்பு நிலையத்தின் பலகையில் 92 ஒக்டேன் பெற்றோல் 370 ரூபா என்றும் ஓட்டோ டீசல் 415 ரூபா என்றும் எழுதியிருந்தது. எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே முதலில் எண்ணினேன். ஒப்புநோக்கிப் பழகிய கண் வேறெப்படி எண்ணும்? வரிசையில் நின்ற லொறிச் சாரதி ஒருவரிடம் அதைச் சொன்னேன். இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். சிரித்தார்.

"பிழை ஒன்னும் இல்லீங்க ஐயா. சரியாத்தான் எழுதியிருக்கான். பெற்றோலுக்கு ரெண்டு தரம் நாப்பது நாப்பதா எறக்கிட்டாங்க. நமக்குப் பதினஞ்சே பதினஞ்சு. பைக்குல போறவனுக்கு ஒரு ஞாயம், மரக்கறி ஏத்துறவனுக்கு ஒரு ஞாயமா? பேப்பர்ல இருந்தவருதானே, ஏன்னு கேட்டு எழுதுங்களேன்."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது நிறைவேற்றுகிறேன்.

முதலில் கணக்கு. 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா, டீசல் 121 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். இருநூறு ரூபாவை ஒட்டியிருந்த டொலர், இரண்டே மாதங்களில் முந்நூற்று அறுபதை எட்டிற்று. மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று மாதந்தோறும் விலை ஏறி, ஜூன் 26இல் பெற்றோல் 470, டீசல் 460 ஆயின. அதன் பிறகு இறக்கம் தொடங்கியது. பெற்றோல் 450, 410, 370 என்று இறங்கியது. டீசலோ 440, 430, 415 என்று தயங்கித் தயங்கி இறங்கிவிட்டு, நவம்பரில் மறுபடியும் 430க்கு ஏறிக்கொண்டது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் 87இலிருந்து 340க்குத் தாவிய மண்ணெண்ணெய், நவம்பரில் 365ஐத் தொட்டது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். பதினொரு மாதங்களில் பெற்றோல் விலை ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. டீசல் விலை மூன்றரை மடங்காயிற்று. மண்ணெண்ணெய் விலை நான்கு மடங்கைத் தாண்டியது. காரில் போகிறவனுக்கு இரண்டு மடங்கு, பஸ்ஸில் போகிறவனுக்கு மூன்றரை மடங்கு, விளக்கேற்றவும் அடுப்பெரிக்கவும் மண்ணெண்ணெயை நம்பியவனுக்கு நான்கு மடங்கு! ஏழைக்கு நெருக்கமான எரிபொருள் எதுவோ, அதுவே அதிகமாக ஏறியிருக்கிறது. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேட்டவர்களுக்கு அன்றைய ஆட்சியாளர்கள் சொன்ன விடை இதுதான்: "சிங்கப்பூர் சந்தையில் டீசல் விலை கூடுதல். சூத்திரப்படி விலை வைக்கிறோம்." இந்த விடை பொய்யன்று. பாதி உண்மை. அந்தப் பாதியையும் மறைக்காமல் சொல்லிவிடுவது பத்திரிகையாளனின் கடமை.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது இலேசானது மேலே பெற்றோலாகவும், கனமானது அடியில் உலை எண்ணெயாகவும் தாராகவும் பிரியும். இடையில் கிடைப்பவை மண்ணெண்ணெய், விமான எரிபொருள், டீசல் ஆகியவை. இந்த இடைநிலை எண்ணெய்களெல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தேவை கூடினால் மற்றதற்குத் தட்டுப்பாடு வரும். ஒரு பீப்பாயில் டீசல் மட்டும் வேண்டும் என்று வடித்தெடுக்க இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பல சுத்திகரிப்பு நிலையங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. பிறகு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கின. சரக்குக் கப்பல்களும் லொறிகளும் முழு மூச்சாக ஓடத் தொடங்கின. 2022 பெப்ரவரியில் உக்ரைன்மீது ருசியா படையெடுத்தது. ஐரோப்பா தான் இறக்குமதி செய்த டீசலில் பெரும்பங்கை ருசியாவிடமிருந்தே பெற்றுவந்தது. அந்த வாசல் அடைபடப் போவது தெரிந்ததும் (2023 பெப்ரவரி 5 முதல் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது) ஐரோப்பிய நாடுகள் ஆசியச் சந்தை வரை வந்து டீசலை வாரிக்கொண்டன. இயற்கை எரிவாயு விலை ஏறியதால் ஆலைகள் சில எண்ணெய்க்கு மாறின. பனிக்காலத்தில் வீடுகளைச் சூடேற்றும் எண்ணெயும் டீசலின் உடன்பிறப்புத்தான். ஆகவே சிங்கப்பூரில் ஒரு பீப்பாய் டீசல், பெற்றோலைவிட இருபது டொலருக்கும் மேலாக விலை போயிற்று. நம் சப்புகஸ்கந்தவோ 1969இல் இயங்கத் தொடங்கிய பழைய நிலையம். கச்சா எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் அதையே மூடி வைக்க நேர்ந்தது. டீசலில் பெரும்பங்கை வடித்த பொருளாகவே நாம் கடல் கடந்து வாங்கவேண்டியிருந்தது.

இவ்வளவும் உண்மை. இதில் எதற்கும் கொழும்பைக் குறைசொல்ல மாட்டேன்.

இலண்டனில் முப்பது ஆண்டுகளாக வாழும் நண்பரொருவர் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இங்கே டீசல்தான் எப்போதும் விலை கூட. இதற்கா ஒரு கட்டுரை?" என்றார். அவர் சொல்வது சரிதான். பிரித்தானியாவில் இரண்டுக்கும் ஒரே அளவு தீர்வை. எனவே சந்தையில் எது ஏறினாலும் அது அப்படியே பலகையில் தெரியும். அமெரிக்காவில் மத்திய அரசின் வரியே பெற்றோலுக்குக் கலனுக்கு 18.4 சதம், டீசலுக்கு 24.4 சதம் என்று நெடுங்காலமாக இருந்துவந்தது. சாலையைச் சிதைப்பவை பாரவண்டிகள், ஆகவே அவை கூடுதலாகச் செலுத்தட்டும் என்பது அவர்கள் நியாயம். ஜேர்மனியில் டீசலுக்கு வரி குறைவு. அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் அங்கும் டீசல் பெற்றோலை முந்திற்று.

ஆனால் நண்பரே, நீங்கள் வேலைக்குப் போவது நிலக்கீழ் இரயிலில். அது மின்சாரத்தில் ஓடுகிறது. உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுவருவது டீசல் பஸ். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் போட்ட பாதையில் இன்றும் ஓடும் இரயிலுக்கும் டீசல்தான். உங்கள் ஊரில் டீசல், வாகனம் வைத்திருப்பவன் வாங்கும் பொருள். எங்கள் ஊரில் அதை வாங்குபவர்களில் பெரும்பாலோரிடம் வாகனமே கிடையாது. பஸ் சீட்டிலும் கத்தரிக்காயிலும் அரிசியிலும் கலந்த டீசலைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

"சந்தை விலை, நாங்கள் என்ன செய்வது?" என்று கைவிரிப்பவர்களுக்கு இந்தியத் தலைநகரின் கதையை நினைவூட்டுகிறேன். 2020 மே மாதத்தில், உலகில் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குப் போன நேரத்தில், இந்திய மத்திய அரசு பெற்றோலுக்கு லீற்றருக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் தீர்வை கூட்டியது. தில்லி மாநில அரசும் தன் பங்குக்கு வரியை உயர்த்தியது. அதன் விளைவாக அந்த ஆண்டு ஜூன் 24இல் தில்லியில் டீசல் விலை பெற்றோலை முந்தியது. ஜூலை 30இல் அதே மாநில அரசு டீசல்மீதான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 16.75 விழுக்காடாகக் குறைத்தது. ஒரே நாளில் லீற்றருக்கு எட்டு ரூபாய்க்கும் மேல் விலை இறங்கியது. சிங்கப்பூரிலும் இலண்டனிலும் அன்று எந்த அதிசயமும் நிகழவில்லை. ஓர் அமைச்சரவைக் கூட்டம் நடந்தது, அவ்வளவுதான். பலகையில் எது மேலே, எது கீழே என்பதைச் சந்தை பாதி தீர்மானிக்கும். மீதிப் பாதியை ஆட்சியில் இருப்பவர்களின் பேனா தீர்மானிக்கும்.

இனி மாத்தளைக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருவோர் தம்புள்ளையைக் குகைக்கோயிலுக்காக அறிவார்கள். இலங்கை மக்கள் அதை அறிவது 1999இல் தொடங்கிய பொருளாதார மத்திய நிலையத்தால். நுவரெலியாவின் கரட்டும் கோவாவும், யாழ்ப்பாணத்து வெங்காயமும், கலேவெல, நாவுலப் பகுதிகளின் மரக்கறியும் அங்கேதான் கைமாறுகின்றன. நாட்டின் பல மூலைகளில் விளைவது லொறியேறித் தம்புள்ளைக்கு வந்து, மறுபடியும் லொறியேறிப் பல மூலைகளுக்குப் போகிறது. ஒரு பூசணிக்காய் கறிச்சட்டிக்குப் போகுமுன் இரண்டு தடவை டீசல் குடித்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர், போய்வர 90. லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடும் லொறி என்றால் 18 லீற்றர் வேண்டும். 2021 டிசம்பரில் அதற்குச் செலவு 2,178 ரூபா. 2022 நவம்பரில் 7,740 ரூபா. இந்த ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாவைச் சாரதி தன் சட்டைப்பையிலிருந்தா போடுவார்? விளைவித்தவனிடம் விலையைக் குறைத்து, வாங்குபவனிடம் விலையைக் கூட்டி, இருபுறமும் கிள்ளித்தான் அது நிரப்பப்பட்டது. அந்த நாளில் தோட்டத் தொழிலாளியின் சட்டப்படியான நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. ஒரு நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தவளின் கூலி, இரண்டரை லீற்றர் டீசலுக்கும் காணாது. பஸ்ஸின் ஆகக்குறைந்த கட்டணம் 2022இன் ஆறே மாதங்களில் 17 ரூபாவிலிருந்து 20, 27, 32 என்று ஏறி, ஜூலை முதலாம் திகதி 40 ஆயிற்று. லயன் அறையிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வரும் மூதாட்டி, இரண்டு பஸ் மாறி வந்து இரண்டு பஸ் மாறித் திரும்பவேண்டும். அவளுக்குச் சூத்திரமும் தெரியாது, சிங்கப்பூரும் தெரியாது. "இந்த மாசம் போகல தம்பி" என்று அவள் சொன்னால், அந்த விலையைக் கணக்கெடுக்கும் திணைக்களம் நாட்டில் எதுவும் இல்லை.

அப்படியானால் பழைய மானியத்தைத் திருப்பிக் கொண்டுவா என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அங்கேதான் என் தோழர்கள் பலரோடு நான் முரண்படுகிறேன்.

பழைய ஏற்பாடு ஏழைக்காகச் செய்யப்பட்டது என்று நாம் நம்ப வைக்கப்பட்டோம். பெற்றோல்காரனிடம் கூடுதலாக வாங்கி, டீசல்காரனுக்கும் மண்ணெண்ணெய்க்காரனுக்கும் குறைத்துக் கொடுத்தார்கள். கேட்க இனிமையான தத்துவம். நடந்தது என்ன? டீசல் மலிவு என்றதும் வசதி படைத்தவன் டீசல் ஜீப் வாங்கினான். தீர்வையற்ற அனுமதிப்பத்திரத்தில் வந்த பெரிய வண்டிகள் பல டீசலில் ஓடின. நட்சத்திர விடுதியின் மின்பிறப்பாக்கி ஏழையின் டீசலைக் குடித்தது. அதே வேளையில், வேலைக்குப் போகக் கடனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞனும், ஓட்டோவை நம்பிக் குடும்பம் நடத்தியவனும் பெற்றோல் வரி என்ற பெயரில் அந்த ஜீப்புக்காரனுக்குத் தண்டல் கட்டினார்கள்! போதாக்குறைக்குத் தேர்தல் வரும்போதெல்லாம் விலை குறைத்து, நட்டத்தைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தலையில் கட்டினார்கள். அந்தக் கடன் மலையை அடைக்க லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுகிறது என்று 2025இல் ஆட்சியில் இருந்தவர்களே சொன்னார்கள். விருந்துண்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எச்சில் இலை எடுக்க வந்தவனிடம் சாப்பாட்டுக் காசு கேட்கிறார்கள்.

ஆகவே மானியத்தை நிறுத்தியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸையும் ஜீப்பையும் ஒரே தராசில் நிறுத்தியதே குற்றம் என்கிறேன். பழைய மானியமும் அதைத்தான் செய்தது. புதிய சந்தை விலையும் அதைத்தான் செய்தது.

"பஸ் எது, ஜீப் எது என்று நிரப்பு நிலையத்தில் எப்படிப் பிரிப்பது?" இதுதான் முப்பது ஆண்டுகளாக அதிகாரிகள் எனக்குச் சொன்ன சமாதானம். 2022 ஜூலைக்கு முன்னர் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. அந்த மாதத்தில்தான் தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. நாட்டிலுள்ள வாகனங்கள் இலக்கத்தோடும் வகையோடும் பதிவாயின. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கியூ.ஆர். குறியீடு. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50 என்று வகுத்துக் கொடுத்தார்கள். எரிபொருள் அடிப்பவர் கைப்பேசியை ஒரு தடவை காட்டினால் போதும். நிற்பது பஸ்ஸா, லொறியா, உழவு இயந்திரமா, ஜீப்பா என்று திரை சொல்லிற்று.

முப்பது ஆண்டுகளாக இயலாது என்றது மூன்று வாரத்தில் இயன்றது! அளவைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த அதே கருவிக்கு, விலையைப் பிரித்துக் கொடுக்கவா தெரியாது? டீசல் 430 ரூபாவாக இருந்த நாளில், ஜீப்புக்கு 430, வழித்தட அனுமதியுள்ள பஸ்ஸுக்கும் மரக்கறி லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஒரு குறித்த அளவு வரை சலுகை விலை என்று வைத்திருக்கலாம். அதற்கான பணத்தைச் சொகுசு வண்டிகளிடமிருந்தே எடுத்திருக்கலாம். செய்தார்களா? இல்லை. வரிசைகள் மறைந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்த முறையையே நிறுத்திக்கொண்டார்கள். கையில் கிடைத்த நெம்புகோலைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பாறையை நகர்த்த முடியவில்லை என்றால் யார் நம்புவது?

மறுப்புகள் எனக்குத் தெரியும். "சர்வதேச நாணய நிதியம் விடாது" என்பார்கள். நிதியம் கேட்டது அடக்கவிலைக்குக் குறையாமல் விற்க வேண்டும் என்பதையே. தேவைப்படுவோருக்குக் குறிவைத்து உதவுவதை அது தடுப்பதில்லை. மானியத்தை நீக்கும் இடமெல்லாம் அதைத்தான் அது பரிந்துரைக்கிறது. "பஸ்ஸின் தாங்கியிலிருந்து உறிஞ்சி ஜீப்புக்கு விற்பார்கள்" என்பார்கள். சிலர் விற்பார்கள்; ஓடும் தூரத்துக்கேற்ற வாராந்த எல்லை இருந்தால் அந்தத் திருட்டும் எல்லைக்குள் நிற்கும். சட்டபூர்வமாகவே ஜீப்புக்கு ஊற்றிக்கொண்டிருந்த பழைய ஓட்டையைவிட இது சிறிய ஓட்டை. "2023 மார்ச் இறுதியில் பெற்றோல் 340, டீசல் 325 என்று பழைய வரிசை திரும்பிவிட்டதே, இனி ஏன் இந்தப் பேச்சு?" என்றும் கேட்பார்கள். ஐரோப்பாவில் பனி குறைந்து, சந்தை தணிந்ததால் திரும்பியது. நாம் எதையும் செய்து திருப்பவில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி எரிபொருளுக்கும் 18 விழுக்காடு பெறுமதி சேர் வரியைப் போட்டபோதும் பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. உலகில் எங்கோ ஒரு போர் மூண்டு, ஒரு நீரிணை அடைபட்டால், மாத்தளைப் பலகை மறுபடியும் தலைகீழாகும்.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அன்று. 1840களின் கடைசியில் கோப்பி விலை இலண்டனில் சரிந்தது. திறைசேரி காலியாயிற்று. தோட்டத் துரைமாரைத் தொடுவதற்கு மனமில்லாத தேசாதிபதி டொரிங்டன், 1848 ஜூலையில் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் சாமானியனிடம் வரி கேட்டான். சாலை வேலைக்கு உடலுழைப்புத் தா, இல்லையேல் காசு தா என்றான். அந்த மாதம் முடிவதற்குள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டிக்கொண்டார், மாத்தளை கொதித்தெழுந்தது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்புவைச் சுட்டுக்கொன்றார்கள். அதே காலத்தில் அதே தம்புள்ளைச் சாலையில், மன்னாரில் கரையிறங்கிய நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழிநெடுகச் செத்து விழுந்தார்கள். சந்தை சரிந்தது இலண்டனில். வண்டிக்காரன் வரி கட்டியது மாத்தளையில். நூற்றெழுபது ஆண்டுகள் கழித்தும் இந்தக் கணக்கு முறை மாறவில்லை.

கலகம் செய்யுங்கள் என்று சொல்லும் வயது எனக்கில்லை. என் கோரிக்கைகள் இரண்டே. ஒன்று, விலை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு லீற்றருக்குள் இறக்குமதிச் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு, பழைய கடனுக்கு எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று நிரப்பு நிலையப் பலகையிலேயே சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வையுங்கள். அரிசிப் பையில் விலை அச்சிடச் சொல்லும் அரசு, தன் பண்டத்துக்கும் அதைச் செய்யட்டும். இரண்டு, டீசல் விலை ஒரு குறித்த எல்லையைத் தாண்டும் நாளில் பொதுப் பஸ், உணவு ஏற்றும் லொறி, உழவு இயந்திரம் ஆகிய மூன்றுக்கு மட்டும் தானாகவே சலுகை தொடங்கும்படி இன்றே சட்டம் செய்து வையுங்கள். தீப்பிடித்த பின் கிணறு வெட்டாதீர்கள்.

பத்திரிகையில் இருந்த காலத்தில், "டீசல் விலை உயர்வு" என்று தலைப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். யாருக்கு எவ்வளவு உயர்ந்தது என்று பிரித்துக் கேட்டதில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. கேட்க வேண்டிய கேள்வியை வரிசையில் நின்ற ஒரு சாரதி கேட்டார். "பைக்குல போறவனுக்கு ஒரு ஞாயம், மரக்கறி ஏத்துறவனுக்கு ஒரு ஞாயமா?" சிங்கப்பூர் என்பது இதற்கு விடை ஆகாது, ஐயா. விடை சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.